கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரை

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் சென்னையில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டித் தந்தது. நொச்சிக்குப்பம் அப்படி எழுந்ததுதான். 2000 வாக்கில் போக்கு மாறியது. மலிவான நிலம் நகருக்குத் தெற்கே கிடைத்தது. மக்களை அங்கே இடம்பெயர்த்தார்கள்! கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அடுத்து சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம். இங்கு எட்டு மாடிக் குடியிருப்புகளில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரையோரக் குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன.

கழிப்பறையும் மின்தூக்கியும் உள்ள வீடு கிடைத்தது. மீன் விற்ற தெருவும் வேலை பார்த்த வீடுகளும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. இன்று பெண்கள் பலர் பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. வளாகங்களில் துப்புரவுப் பணிக்குச் செல்கிறார்கள்.