சிறுநிலத்தில் அங்கோரா முயலும் பிற பிராணிகளும்
(ஊவா மாகாணக் கமக்காரருக்கானது)

ஊவா மாகாணத்தில் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர் பலருக்கு உள்ள நிலம் மிகச் சிறிது. பள்ளத்தில் ஒரு துண்டு வயல், மேட்டில் ஒரு மரக்கறிப் பாத்தி, வீட்டைச் சுற்றிச் சில பேர்ச்சஸ் என்பனவே அவர்தம் உடைமை. தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கோ லயத்தின் பின்புறமுள்ள சிறு கொல்லை மட்டுமே உண்டு. மரக்கறி விலை வீழ்ந்த காலத்திலும் கையிற் சிறிது பணம் வருவதற்கு என்ன பிராணியை வளர்க்கலாம் என்று இவர்களுட் பலர் வினவுகின்றனர். அங்கோரா முயலின் கம்பளி விலையுயர்ந்தது எனக் கேள்வியுற்று, அதனை வளர்க்க விரும்புவோரும் உளர். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

பிராணியைத் தெரிவு செய்யுமுன் இரண்டு கணக்குகளைப் பார்த்தல் வேண்டும். வரட்சி மிகுந்த ஆகஸ்ட் மாதத்தில் நமது நிலத்தில் எவ்வளவு பசுந்தீன் கிடைக்கும் என்பது ஒன்று. அப்பிராணி தரும் பொருளை யார் வாங்குவர் என்பது மற்றொன்று. இவ்விரு கணக்குகளையும் பாராது தொடங்கிய பண்ணை, பிராணி எத்துணை உயர்ந்த இனத்ததாயினும், நெடுநாள் நிலைப்பதில்லை.

அங்கோரா முயலின் இயல்பு

அங்கோரா என்பது துருக்கி நாட்டின் அங்காரா நகரத்தின் பழைய பெயர். அப்பெயர் தாங்கிய இம்முயலின் மயிர் மிக மெல்லியது. செம்மறியாட்டுக் கம்பளியிலும் இலேசானது, வெப்பத்தைக் காப்பதில் மிக்கது. இவ்வினத்துள் ஆங்கில, பிரெஞ்சு, ஜெர்மன் வகைகள் பெயர்பெற்றவை. நன்கு பேணப்பட்ட ஜெர்மன் அங்கோரா ஓர் ஆண்டில் ஏறக்குறைய அரைக் கிலோகிராம் முதல் முக்காற் கிலோகிராம் வரை மயிர் தரும். தேர்ந்தெடுத்து விருத்தி செய்யப்பட்டவை 1 கிலோகிராமுக்கு மேலும் தருவதுண்டு.

அடர்ந்த மயிரைப் போர்த்திருத்தலின் இம்முயல் வெப்பத்தைத் தாங்காது. 10 முதல் 20 பாகை வரையான வெப்பநிலையே அதற்கு உகந்தது; 30 பாகையை அணுகினால் மூச்சிரைத்துத் தீன் மறுக்கும். ஆதலின் கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீற்றருக்கு அதிகமான உயரத்திலுள்ள பண்டாரவளை, அப்புத்தளை போன்ற இடங்கள் இதற்குப் பொருந்தும். 700 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலுள்ள பதுளை நகரைச் சூழ்ந்த பள்ளத்தாக்குகள் பொருந்தா. அங்கே குறுமயிருடைய இறைச்சி முயல்களே தகுந்தவை.

இரு மலைகள் தரும் பாடம்

காலநிலை பொருந்தினாற் போதுமா என்பதை அறிய, இந்தியாவின் இரு மலைப்பிரதேசங்களை நோக்குவோம். இந்தியாவின் மத்திய செம்மறியாட்டு, கம்பளி ஆராய்ச்சி நிறுவகம் 1962ஆம் ஆண்டில் இராஜஸ்தானில் நிறுவப்பட்டது. அதன் குளிர்ப்பிரதேசக் கிளை இமாசலப் பிரதேசத்துக் குல்லுப் பள்ளத்தாக்கில் கர்சா என்னுமிடத்தில் உள்ளது. அங்கே அங்கோரா முயல் வளர்க்கப்படுகின்றது. அதே நிறுவகத்தின் தென்பிரதேசக் கிளை தமிழ்நாட்டிற் கொடைக்கானலையடுத்த மன்னவனூரில் 1965ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அங்கே 'வைட் ஜயன்ட்', 'சோவியத் சின்சில்லா' ஆகிய இறைச்சி முயல் இனங்கள் வளர்க்கப்பட்டு உழவருக்கு வழங்கப்படுகின்றன.

இரண்டும் குளிர்ந்த மலைகளே. எனினும் குல்லுவில் சால்வை நெய்யும் தொழில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியுள்ளது. முயல் மயிரை நூற்கவும் நெய்யவும் வாங்கவும் அங்கே ஆட்கள் உளர். கொடைக்கானல் மலையிலோ, நமது வெலிமடையைப் போன்றே, கரட்டும் உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியுமே தொழில். நெசவாளர் இல்லாத இடத்திற் கம்பளி வெறும் மயிரே என்பதை இதனால் உணரலாம்.

உலகச் சந்தையும் உறுதியானதன்று. அங்கோரா மயிரை மிகுதியாக உற்பத்தி செய்யும் நாடு சீனா. அங்குள்ள சில பண்ணைகளில் உயிருடனுள்ள முயல்களின் மயிரைப் பிடுங்கும் காட்சிகள் 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயின. அதன் பின்னர் மேனாட்டு ஆடை நிறுவனங்கள் பல அங்கோரா ஆடைகளைக் கைவிட்டன. ஆகவே அங்கோரா வளர்க்க எண்ணுவோர், முயலைத் தேடுமுன், மயிரை வாங்கும் நெசவாளரையோ கைப்பணி நிலையத்தையோ தேடி உறுதி செய்துகொள்க. வெளிநாட்டிலிருந்து முயல் கொணர்வதாயின் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி இன்றியமையாதது.

ஆகஸ்ட் மாதத்துக் கணக்கு

ஊவாவில் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மழை மிகுதி. அக்காலத்தில் வரம்பெங்கும் புல் தழைத்திருக்கும். எத்தனை பிராணிகளையும் வளர்த்துவிடலாம் என்று தோன்றும். ஜூன் முதல் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று வீசுகையில் அப்புல் கருகிப்போம். ஊவாத் தேயிலைக்கு நறுமணம் ஊட்டும் அதே வரண்ட காற்று பிராணிகளைப் பட்டினியிடும். ஆகவே மார்கழிப் புல்லைக் கண்டு பிராணி வாங்குதல் ஆகாது.

கணக்கிடும் முறை வருமாறு: ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரம் உங்கள் நிலத்திலும் வரம்பிலும் அறுக்கக் கூடிய பசுந்தீனை நாள்தோறும் நிறுத்து எழுதுக. ஏழு நாட் கூட்டுத்தொகையை ஏழாற் பிரித்தால் ஒருநாட் தீன் தெரியும். வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கிராம் பசுந்தீனும் சிறிது அடர்தீனும் வேண்டும். பால் விட்டுப் பிரிந்த குட்டிகள் இரண்டை ஒரு முயலாகக் கொள்க. 350 கிலோகிராம் நிறையுள்ள பசுவுக்கு அதன் நிறையிற் பத்திலொரு பங்கு, அஃதாவது 35 கிலோகிராம் வேண்டும். ஒரு பசுவின் தீன் 80 முயல்களுக்கு மேல் ஊட்டப் போதுமானது. நாளொன்றுக்கு 4 கிலோகிராம் மட்டும் அறுக்கக் கூடியவர் பசுவை எண்ணுதல் வீண். குட்டிகளையும் சேர்த்துப் பத்து முயல்களுக்கு அது போதும்.

தீன் குறைவாயின் அதனைப் பெருக்க வழியுண்டு. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 என்னும் கலப்பு நேப்பியர் புல்லையும் கினிப் புல்லையும் கான் ஓரங்களிலும் படிவரம்புகளிலும் நடுக. அவை சரிவில் மண் அரிந்து போகாமலும் காக்கும். முள்முருங்கை இலையை முயல் விரும்பி உண்ணும். மழைக்காலத்து மிகைப் புல்லை வெயில் கிடைக்கும் நாட்களில் உலர்த்திச் சேமித்தல் நன்று.

கொடுக்கத் தகாத தீன்

மரக்கறித் தோட்டக்காரர் இப்பகுதியை ஊன்றிக் கவனிக்கவும்.

1. பூச்சிநாசினி அல்லது பங்கசுநாசினி தெளித்த கோவா இலை, போஞ்சிக்கொடி முதலியவற்றை, மருந்துப் புட்டியிற் குறித்த காத்திருப்புக் காலம் முடியுமுன் கொடுக்க வேண்டாம். களைநாசினி தெளித்த தேயிலை மலைப் புல்லையும் அறுக்கலாகாது. ஒரு கட்டுப் புல் ஒரே இரவில் எல்லா முயல்களையும் கொன்றுவிடக் கூடும்.

2. உருளைக்கிழங்கின் இலை, தண்டு, முளை, பச்சைநிறமான கிழங்கு என்பனவும் தக்காளி இலையும் நஞ்சுடையவை. லீக்ஸ், வெங்காயத் தாள்களும் முயலுக்கு ஆகா.

3. பனியிலும் மழையிலும் நனைந்த புல் வயிற்றுப் பொருமலை உண்டாக்கும். சில மணிநேரம் நிழலில் வாடவிட்டுக் கொடுக்கவும்.

கரட் தழை, மருந்துபடாத கோவாவின் வெளியிலை ஆகியவற்றைச் சிறிது சிறிதாகவே பழக்குதல் வேண்டும். தவிடு, சோளம், தேங்காய்ப் பிண்ணாக்கு ஆகியன கலந்த அடர்தீன் பூஞ்சணம் பிடியாததாக இருத்தல் அவசியம். தூய நீர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

கூண்டும் இனவிருத்தியும்

வளர்ந்த முயல் ஒன்றுக்கு 60 சென்ரிமீற்றர் நீளமும் அகலமும், 45 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள கூண்டு போதும். அடித்தளம் கம்பிவலையாயினும் மூங்கிற் சட்டமாயினும், புழுக்கை கீழே விழத் தக்க இடைவெளியும் காலைப் புண்படுத்தாத வழவழப்பும் உடையதாக இருக்கட்டும். நிலத்திலிருந்து 75 சென்ரிமீற்றர் உயர்த்திக் கட்டினால் கீரி, எலி, நாய் ஆகியவற்றின் தொல்லை குறையும். கால்களை நீர்நிரம்பிய தகரங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கச்சான் காற்று வீசும் பக்கம் சாக்கினால் மறைத்தல் வேண்டும். லயத்தில் வாழ்வோர் தோட்ட நிருவாகத்தின் இசைவைப் பெற்று, வசிக்கும் அறைக்குப் புறம்பாகக் கூண்டை அமைக்கவும்.

பெட்டை முயலை ஆறு மாதத்தின் பின் இனஞ்சேர்க்கலாம். பெட்டையையே ஆணின் கூண்டுக்குக் கொண்டுசெல்க. ஆணைப் பெட்டையின் கூண்டில் விட்டால் அது கடித்து விரட்டும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈனுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வைக்கோல் இட்ட பெட்டியொன்றை வைத்தால், தாய் தன் மயிரைப் பறித்துப் படுக்கை அமைக்கும். காட்டுமுயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயலின் குட்டியோ மயிரின்றிக் குருடாகப் பிறந்து, பத்து நாட்களின் பின்னரே கண் திறக்கும். குளிர்ந்த இரவுகளில் பெட்டிக்கு வெளியே கிடக்கும் குட்டி விடியுமுன் இறந்துபோம். காலையும் மாலையும் பார்த்தல் வேண்டும். ஆறு வாரத்திற் குட்டிகளைப் பிரிக்கலாம்.

அங்கோரா முயலை வளர்ந்தபின் தனித்தனிக் கூண்டிலேயே வைத்து, வாரந்தோறும் மயிரைச் சீவுதல் வேண்டும். இரண்டு மாத வயதில் முதன்முறையும், பின்னர் 75 முதல் 90 நாட்களுக்கு ஒருமுறையும் கத்தரிக்கோலால் வெட்டுக. பிடுங்குதல் கொடுமை, தோலும் புண்படும். கத்தரித்த முயலைச் சில நாட்கள் குளிர்படாது காக்கவும். நக்கி விழுங்கிய மயிர் வயிற்றில் உருண்டையாகி அடைப்பதுண்டு. வாரத்தில் ஒருநாள் அடர்தீனை நிறுத்தி உலர்புல் மட்டும் கொடுத்தல் இதனைத் தடுக்கும். காதுச் சொறி, இரத்தக் கழிச்சல், மூக்கொழுகல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அம்முயலைப் பிரித்துவைத்து, அரசாங்க மிருகவைத்தியரின் ஆலோசனையைப் பெறுக.

எருவே உறுதியான ஊதியம்

கம்பளி விலைபோகாதிருக்கலாம், இறைச்சியை உண்ணாதோரும் உளர். எரு மட்டும் என்றும் வீண்போவதில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் உரம் கிடைத்தபோதும் அதன் விலை பலருக்கு எட்டவில்லை. முற்றத்தில் எருக்குவியல் உடையோரின் இடர் அக்காலத்திற் சற்றேனும் குறைந்தது.

மரக்கறிக்கு ஹெக்டயருக்கு 10 தொன், அஃதாவது சதுர மீற்றருக்கு 1 கிலோகிராம் சேதன எரு இடுதல் முறை. பத்து முயல்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் புழுக்கை தரும். அது ஆண்டொன்றில் 365 கிலோகிராமாகி, ஏறக்குறைய 14 பேர்ச்சஸ் நிலத்துக்கு ஒருபோகம் இடப் போதும். முயலெருவில் தழைச்சத்து மாட்டெருவிலும் மிகுதி. கூண்டின் கீழ் உமி பரப்பினால் சிறுநீரும் வீணாகாது. அவற்றை வைக்கோலுடனும் களைகளுடனும் கூட்டெருவாக்கி, நன்கு மக்கிய பின்னரே இடுக.

ஏனைய பிராணிகள்

பசு: ஆகஸ்ட் மாதத்திலும் 35 கிலோகிராம் தீன் அறுக்கக் கூடியவர்க்கே தகும். பால் சேகரிக்கும் வண்டி வரும் பாதையை அடுத்திருத்தலும் வேண்டும். ஒரு பசுவின் சாணம் ஓர் ஏக்கர் மரக்கறிக்குப் போதும்.

ஆடு: வேலித் தழை மிகுந்த இடத்துக்கு ஏற்றது. கிளிரிசிடியாத் தழையை வாடவிட்டுக் கொடுக்கலாம். சினைக்காலம் 150 நாள். அவிழ்த்துவிட்ட ஆடு அயலாரின் மரக்கறியையும் நட்பையும் ஒருங்கே அழிக்குமாதலின் பரண் அமைத்து வளர்க்கவும்.

நாட்டுக்கோழி: ஐந்தாறு கோழிகள் சமையற்கட்டு மிச்சத்திலும் வயற் பதரிலும் பெரும்பகுதித் தீனைத் தேடிக்கொள்ளும். முட்டையை அயல்வீட்டாரே வாங்குவர். தோட்டத்துச் சிறுவருக்கு அது சிறந்த உணவு. நியூகாசில் நோய்க்குத் தடுப்பு மருந்து ஏற்றுதல் அவசியம். கோழியெரு சூடுடையது, மக்காமல் இடலாகாது.

தொடங்கும் முறை

முதலாண்டில் இரண்டு பெட்டை முயல்களும் ஓர் ஆணும் போதும். குறுமயிர் இனத்தைக் கொண்டு தொடங்கி, ஒரு கச்சான் காலத்தைக் கடந்து பார்க்கவும். எத்தனை குட்டிகள் பிழைத்தன, எவ்வளவு தீன் செலவாயிற்று, எவ்வளவு எரு கிடைத்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவருக. ஆகஸ்டிலும் தீன் மிஞ்சினால் அடுத்த ஆண்டிற் பெட்டைகளைக் கூட்டலாம். மயிரை வாங்குவோர் உறுதியாகக் கிடைத்தபின் மலையுச்சியில் உள்ளோர் அங்கோராவை எண்ணலாம். தீன் குறைந்ததாயின் முயலைக் குறைத்துப் புல்லைப் பெருக்குக. பெரும்போக வரவுக்கேற்பச் சிறுபோகச் செலவை அளந்து வாழும் கமக்காரருக்கு இக்கணக்குப் புதிதன்று.