கேஜிஎஃப்: படத்தில் பார்த்த தங்க ஊருக்கு நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

கேஜிஎஃப் என்றாலே யஷ் நடித்த படமும், பா.ரஞ்சித்தின் ‘தங்கலான்’ படமும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரில் இறங்கினால், தெருவில் காதில் விழுவது தமிழ். ஏன்?

தங்க வேட்டை தொடங்கியது எப்படி?

இந்தப் பகுதியில் மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதை 1802-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் பதிவு செய்தார். 1870-களில் லவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்து, சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள்.

தமிழர்கள் வந்தது எப்படி?

வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள் ஏராளம். அவர்களில் தலித் மக்களே அதிகம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம் போனது. கடும் வெப்பம், பாறை வெடிப்பு, நுரையீரலைத் தின்னும் தூசு எல்லாவற்றுக்கும் நடுவே வேலை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு பங்களா, தொழிலாளிகளுக்கு வரிசைக் குடிசை.

சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே வந்தது. எடுக்கும் செலவு, கிடைக்கும் தங்கத்தின் விலையைத் தாண்டிவிட, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது.

என்ன பார்க்கலாம்?

சுரங்க வாய்களில் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், பழைய பங்களாக்கள், தேவாலயங்கள், பேத்தமங்கலா ஏரி, பக்கத்தில் கம்மசந்திராவில் உள்ள கோடிலிங்கேஸ்வரர் கோயில். ஊரைச் சுற்றி மலைபோல நிற்பவை ‘சயனைடு மேடுகள்’, அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண். போட்டோவுக்காக மேலே ஏற வேண்டாம். காற்று வீசினால் அந்தத் தூசு வீடுகளுக்குள் போகிறது என்பதே ஊர்க்காரர்களின் நீண்டநாள் புகார். சுரங்கத்துக்குள் இறங்க முடியாது, தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது.

எப்படிப் போவது?

சென்னை-பெங்களூரு ரயில் பாதையில் ஜோலார்பேட்டை தாண்டி வரும் பங்காருப்பேட்டையில் இறங்கினால், மாரிகுப்பம் கிளைப் பாதையில் கேஜிஎஃப். சுரங்கம் மூடியதும் வேலை போனவர்களின் பிள்ளைகள் பலர், இதே பாதையில்தான் தினமும் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள்.

அடுத்து என்ன?

புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் சித்தன்னவாசல், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனால்தான் ஆயிரம் வருடம் தாண்டிய ஓவியத்தை இன்றும் டிக்கெட் வாங்கிப் பார்க்க முடிகிறது. கேஜிஎஃப்பின் இரும்புக் கோபுரங்களோ மழையிலும் வெயிலிலும் துருப்பிடித்து நிற்கின்றன. சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த கடைசித் தலைமுறைக்கும் வயதாகிவிட்டது. போகிறவர்கள் டீக்கடையில் அவர்களிடம் பத்து நிமிஷம் பேச்சுக் கொடுங்கள். படத்தில் வராத கேஜிஎஃப் அங்கேதான் கிடைக்கும்.