காசிகுண்டில் நிற்கும் லாரிகள்

நாமக்கல் வழியாகப் போகிற அதே என்.எச். 44-தான். அதன் வடகோடியில், ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் நடுவே கிடக்கும் சுமார் 270 கிலோமீட்டரைக் குளிர்காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் பேசி அர்த்தமில்லை. வானம் வெளுத்திருந்தால் ஒரு நாள். பனி கொட்டினால் மூன்று நாளோ, ஒரு வாரமோ.

2021-ல் இந்தச் சாலையில், காஷ்மீர் பள்ளத்தாக்கின் தெற்கு ஓரத்துக் காசிகுண்டுக்கும் பனிஹாலுக்கும் இடையே எட்டரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்தது. பழைய ஜவஹர் சுரங்கத்தைவிடத் தாழ்வாகக் குடைந்தது. பனிச்சரிவுத் தொல்லை அங்கே குறைந்தது. ஆனால், பள்ளத்தாக்கில் பனி விழும்போது தெற்கே ராம்பனில் மழை அடிக்கிறது. சாலையை அகலப்படுத்த வெட்டிய மலை ஊறிச் சரிகிறது, கல் உருண்டு விழுகிறது. உடனே போக்குவரத்து நிறுத்தம். பள்ளத்தாக்கிலிருந்து ஆப்பிள் ஏற்றி வந்த லாரிகள் காசிகுண்டில் நின்றுவிடும். மாற்றுவழியான முகல் சாலை 11,000 அடிக்கு மேலே ஏறிப் போவது. குளிர்காலத்தில் அதையும் பனி மூடிவிடும்.

டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாள் நீளும் கடுங்குளிரை காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்பார்கள். சமவெளியில் நிரப்பிய டீசலில் உள்ள மெழுகு அந்தக் குளிரில் கட்டிதட்டி ஃபில்டரை அடைக்கும். கேபினுக்குள் டிரைவரும் கிளீனரும் ஒரே கம்பளியில். டீ போட்ட ஸ்டவ்வை அணைக்க மனம் வராது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு, ஸ்டவ் எரிய எரியத் தூங்கிப்போனால் அவ்வளவுதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. இரண்டு விரல் அளவு கண்ணாடியை இறக்கி வையுங்கள் என்று சொல்ல அங்கே ஆள் வேண்டும்.

ஆப்பிள் அழுகினால் செய்தி வருகிறது. வரவேண்டியதுதான், ஒரு வருட உழைப்பு அது. ஆனால், சும்மா நிற்கிற லாரிக்கும் மாதத் தவணை ஓடுகிறது. டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிய படிக்காசு, ஏழு நாள் நின்றாலும் பல டிரைவர்களுக்கு அதேதான். நிற்கும் நாட்களுக்கான ஹால்டிங் காசு கிடைப்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. அதை லோடு ஏற்றும்போதே பில்லில் எழுத வேண்டும். ஆயிரக்கணக்கான கோடிகளில் சுரங்கம் குடைய முடிந்த நாட்டுக்கு, லாரிகள் நிற்கும் இடத்தில் கக்கூஸும் வெந்நீரும் தருவது பெரிய செலவா?

சாலை திறந்தாலும் முதலில் விடுவது, சிக்கிய பயணிகளையும் சிறு வண்டிகளையும்தான். அது நியாயமே. லாரி வரிசை அசையவில்லை. டிரைவர் இறங்கி, விறைத்த தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கி, பெட்டிகளை மோந்து பார்க்கிறார்.