புதிய பாடமா, பழைய பாடமா?
ஹிப்ழு மாணவர்களின் தாய்மாருக்குச் சில வார்த்தைகள்

ஹிப்ழு மத்ரஸாவில் பிள்ளையைச் சேர்த்த வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்கும் முதற் கேள்வி, "மகன் எத்தனை ஜுஸ்உ முடித்துவிட்டார்?" என்பதுதான். முடித்ததில் எத்தனை இன்றும் நாவில் நிற்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இதனால்தான், "புதுப்பாடத்தை நிறுத்திவிட்டு முதல் ஐந்து ஜுஸ்உவையும் மகன் திரும்பவும் ஓதட்டும்" என்று உஸ்தாத் சொல்லி அனுப்பினால் அந்த வீடு மையத்து வீடு போலாகிவிடுகிறது. "சாச்சியின் மகன் பதினைந்தைத் தாண்டிவிட்டான், என் பிள்ளைக்கு மட்டும் என்ன குறை?" என்று உம்மா கலங்குகிறார்.

பாடசாலையில் வருடம் முடிந்தால் வகுப்பு ஏறும். போன வருடத்துப் பாடத்தில் கொஞ்சம் மறந்தாலும் சமாளித்துக் கொள்ளலாம். ஹிப்ழு அப்படியல்ல. மதீனா முஸ்ஹபில் 604 பக்கங்கள். நாளுக்கொரு பக்கம் என்றால் இரண்டு வருடத்திற்குள் முடிந்துவிடுமே என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் பத்து ஜுஸ்உ முடித்த பிள்ளை அடுத்த பக்கத்தைப் பாடமாக்குவதோடு, பின்னாலுள்ள 200 பக்கங்களையும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். நாளுக்கு ஒரு ஜுஸ்உ வீதம் தவ்ரு செய்தாலும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பப் பத்து நாட்கள் ஆகும். இருபது முடித்தவனுக்கு இருபது நாட்கள். அடித்தளம் தளர்ந்திருந்தால் ஒவ்வொரு புதிய ஜுஸ்உவும் அந்தச் சுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

கட்டிவைத்த ஒட்டகம் கயிற்றை உருவிக்கொண்டு ஓடுவதைவிட விரைவாகக் குர்ஆன் உள்ளத்திலிருந்து நழுவிவிடும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபியவர்களுடன் குர்ஆனைத் திருப்பி ஓதினார்கள். வபாத்தான வருடத்தில் இரண்டு தடவை ஓதப்பட்டது. வஹி இறங்கிய உள்ளத்திற்கே தவ்ரு இருந்திருக்கிறது என்றால், நம் பிள்ளை பழையதைத் திரும்ப ஓதுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இப்னு உமர் (ரழி) அவர்கள் ஸூரதுல் பகராவைக் கற்க எட்டு வருடங்கள் எடுத்தார்கள் என்று இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் வருகிறது.

ஆனாலும் தாய்மார்களே, பிழை விட்ட பிள்ளையையெல்லாம் பின்னே தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிழைகள் ஒரே வகையல்ல. ஒரு பிள்ளை ஓரிடத்தில் தடுமாறி, மூச்சை விட்டு, தானே திருத்திக்கொண்டு போகிறது. அதற்கு எதையும் நிறுத்தத் தேவையில்லை. சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரட்டை நன்மை என்ற ஹதீஸை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். இன்னொரு பிள்ளை ஒத்த ஆயத்துகளில் இடம் மாறிவிடுகிறது. பகராவின் 48ஆம் ஆயத்தில் முதலில் பரிந்துரையும் பிறகு ஈடும் வரும், 123ல் அந்த வரிசை மாறிவிடும். வறுமையினால் பிள்ளைகளைக் கொல்லாதீர்கள் என்பது அன்ஆம் 151லும் உண்டு, இஸ்ரா 31லும் உண்டு. முன்னதில் வறுமை ஏற்கெனவே வந்துவிட்டது, அதனால் "உங்களுக்கு" உணவளிப்பது முதலில் வருகிறது. பின்னதில் இனி வந்துவிடுமோ என்ற பயம், அதனால் "அவர்களுக்கு" என்பது முந்துகிறது. இந்த வித்தியாசத்தை ஒருமுறை விளக்கிவிட்டால் பிள்ளை பிறகு தவறுவது குறைவு. இதற்காக ஐந்து ஜுஸ்உ பின்னே போகச் சொல்வது அநியாயம்.

பக்கத்தின் நடுவில் விட்டு ஓதச் சொன்னால் தொடங்கவே முடியவில்லை, பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, எழுத்து மாறிப் பொருளே மாறுகிறது என்றால் விஷயம் வேறு. அங்கே முன்னே போவது பிள்ளைக்குச் செய்யும் உதவியல்ல.

நான் ஓதிக்கொடுக்கும் இடத்தில் பன்னிரண்டு ஜுஸ்உ முடித்த ஒரு மாணவனின் நிலை அப்படித்தான் இருந்தது. நிறுத்தச் சொன்னதும் அவன் உம்மா வந்து அழுதார். "ஹஸரத், இவன் இனி மத்ரஸாவுக்கே போகமாட்டேன் என்கிறான்" என்றார். அது வெறும் பேச்சல்ல. மனமுடைந்து ஹிப்ழையே விட்டுவிட்ட பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகவே முழுதாக நிறுத்தவில்லை. ஸுப்ஹுக்குப் பின் அரைப் பக்கம் புதிது, மீதி நேரமெல்லாம் பழையது என்று வைத்தோம். நாலு மாதம் சென்றது. இப்போது பதினாறில் நிற்கிறான், கூடச் சேர்ந்தவர்களில் சிலர் முடித்துவிட்டார்கள். ஆனால் முதல் பன்னிரண்டில் எங்கே தொட்டாலும் ஓதுகிறான்.

"திரும்ப ஓது" என்பதைத் தண்டனையாகச் சொல்லும் உஸ்தாத்மாரும் இருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்வார்கள், எதுவரை என்று சொல்லமாட்டார்கள். அப்படியானால் வாப்பா போய் மரியாதையாகக் கேட்கட்டும்: எந்த ஜுஸ்உ, எத்தனை வாரம், எப்படி ஓதினால் முன்னே விடுவீர்கள்? எல்லை தெரிந்த பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

போட்டிகளிலும் இதே அவசரம்தான். மக்காவில் நடைபெறும் மன்னர் அப்துல் அஸீஸ் போட்டியில் முழுக் குர்ஆனுக்கு மட்டுமல்ல, 15 ஜுஸ்உவுக்கும் 5 ஜுஸ்உவுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. உறுதியான ஐந்தோடு மேடை ஏறுவது குறைச்சல் அல்ல. பெயருக்காகப் பெரிய பிரிவில் சேர்த்து, சபை நடுவே பிள்ளை வாயடைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. அரபு விளங்காவிட்டாலும் முஸ்ஹபைப் பார்த்து ஓதத் தெரிந்தால் போதும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பிள்ளையைப் பழைய பாடத்தில் கால் ஜுஸ்உ ஓதச் சொல்லி, எழுத்தோடு விரலை ஓட்டிக் கேளுங்கள். தடுமாறினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் சற்றுப் பொறுங்கள். முஸ்ஹபைத் தொடக்கூடாத நாட்களிலும் கேட்பதற்குத் தடையில்லை. அந்நாட்களில் மூத்த மகளிடம் முஸ்ஹபைக் கொடுத்துவிட்டு நீங்கள் அருகில் இருந்தாலே போதும்.

இன்னொன்று. பிள்ளை எந்த அச்சு முஸ்ஹபில் பாடமாக்கத் தொடங்கியதோ அதையே கடைசி வரை வைத்திருக்க வேண்டும். ஆயத்து பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்பதும் சேர்ந்துதான் மனதில் பதிகிறது. உம்ரா போய் வந்த மாமா அழகான வேறு அச்சொன்றைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை வாப்பா ஓத வைத்துக்கொள்ளட்டும்.