கெலுஸ்கரும் நமது பிள்ளைகளும்



டிசம்பர் 6 அன்று அண்ணலை நினைத்துக் கூடும்போதெல்லாம் மகாத் குளம், வட்டமேசை மாநாடு, அரசியல் சட்டம் என்று அவருடைய பெரிய நாட்களைத்தான் பேசுகிறோம். இந்த ஆண்டு அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாட்களைப் பேசலாம் என்று நினைக்கிறோம். காரணம் இருக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் பொதுத்தேர்வு.

பம்பாயின் பரேல் பகுதியில் ஒரே ஓர் அறையில் அவர் குடும்பம் இருந்தது. சமையலும் படுக்கையும் படிப்பும் அதற்குள்தான். அப்பா ராம்ஜி சக்பால் மகனை முன்னிரவில் தூங்கச் சொல்லிவிட்டு, தான் இரண்டு மணி வரை விழித்திருப்பார். மகனை எழுப்பிவிட்ட பிறகே அவர் படுப்பார். புத்தகம் வாங்கக் காசில்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களிடம் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். அதே காலத்தில் பள்ளியில் அந்தப் பையன் சமஸ்கிருதம் படிக்க விரும்பினான். சாதியைக் காட்டி மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தான். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினான். அப்போது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவனுக்குப் பரிசளித்தார். கெலுஸ்கர் பரிசளித்ததோடு போய்விடவில்லை. இன்டர்மீடியட் முடித்ததும் அப்பாவின் கையிருப்பு தீர்ந்துபோனபோது, பரோடா மன்னரிடம் பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். அந்தப் பணத்தில்தான் பி.ஏ. நடந்தது. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதும் பரோடாவின் உதவியோடுதான்.

கண்விழித்த ஓர் அப்பா, ஒரு பாடத்தின் கதவை மூடிய ஒரு பள்ளி, அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தெரிந்து கையைப் பிடித்து அழைத்துப்போன ஒரு மனிதர். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் பிள்ளைகளின் தேர்வுக்காலம் இந்த மூன்றுக்குள்தான் நடக்கிறது. முதலாவது நம்மிடம் உண்டு. இரண்டாவது வேறு வேறு வடிவில் தொடர்கிறது. மூன்றாவதுதான் நம்மிடம் குறைவு.

வீட்டிலிருந்து தொடங்குவோம். நூறு நாள் வேலைக்குப் போய்வரும் அம்மாவால் கணக்குச் சொல்லித்தர முடியாது. அவர் அதற்காகக் கூச்சப்பட வேண்டியதும் இல்லை. ராம்ஜி செய்தது பாடம் நடத்துவதை விட எளிய காரியம்: மகனின் நேரத்தைக் காத்தார். நம் வீடுகளில் முதலில் பறிபோவது நேரம்தான், அதிலும் பெண்பிள்ளையின் நேரம். பள்ளிவிட்டு வந்ததும் தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் முடிந்து அவள் புத்தகத்தைத் தொடும்போது மணி ஒன்பது. அதே வீட்டில் பையனுக்கு இந்த வேலை எதுவும் இல்லை. தேர்வு முடியும் வரையாவது வீட்டுவேலையை ஆண்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதைச் சாதி ஒழிப்பு பேசுகிற நாம் நம் வீட்டில் முதலில் செய்துகாட்ட வேண்டும்.

இன்னொன்று, நாம் பேசும் பேச்சு. "உன்ன நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்குது" என்று பாசத்தில்தான் சொல்கிறோம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது தலையில் ஏற்றிய மூட்டை. மதிப்பெண் குறைந்தால் மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு. தவறினால் அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. இதைத் தேர்வு முடிவு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை, முன்பே சொல்லி வைக்க வேண்டும். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் இருந்தால் திட்டாதீர்கள்; பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல உதவிக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அடுத்து பள்ளி. பத்தாவது முடித்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப்பில் உட்காருகிறது என்பது அதன் அடுத்த நாற்பது ஆண்டுகளைப் பெருமளவு முடிவு செய்துவிடுகிறது. கணிதம் இல்லாத குரூப்பில் போனால் பொறியியலின் பெரும்பகுதி மூடிக்கொள்ளும். உயிரியல் இல்லையென்றால் மருத்துவம் இல்லை. இவ்வளவு பெரிய முடிவு பல பள்ளிகளில் சேர்க்கை மேசையில் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிகிறது. "உனக்கு எதுக்குடா சயின்ஸ்? கஷ்டப்படுவ" என்று ஒரு குரல் வரும். அப்பா கைகட்டி நின்று, "நீங்க பாத்து போடுங்க சார்" என்பார். சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது சாதியின் பெயரைச் சொல்லி. இன்று மறுப்பவர் பல நேரம் சாதியின் பெயரைச் சொல்வதில்லை, அக்கறையாகவே பேசுகிறார். விளைவு ஒன்றுதான்.

எல்லா ஆசிரியரும் அப்படி இல்லை. காலையில் சிறப்பு வகுப்புக்கு வரும் பிள்ளை பசியோடு வருகிறது என்று தெரிந்து பிஸ்கட் வாங்கி வைக்கும் ஆசிரியர்களையும், கடைசிப் பேருந்தைக் கணக்குப் போட்டு மாலை வகுப்பை முடிப்பவர்களையும் நாங்கள் அறிவோம். நாம் கேட்பது அந்த அக்கறை ஒருவருடைய நல்ல குணத்தைப் பொறுத்ததாக இல்லாமல் பள்ளியின் வழக்கமாக மாற வேண்டும் என்பதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிக்குள் சாதி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. வகுப்பறையில் அஞ்சி உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எதிர்காலத் திட்டம் என்ன என்று கேட்பதில் பொருளில்லை. முதலில் அச்சத்தைப் போக்க வேண்டும்.

மூன்றாவது, வழி தெரிந்த ஆள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு இதைப் பண்பாட்டு மூலதனம் என்பார். படித்த வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தோடு சேர்ந்து தகவலும் வந்துசேருகிறது. எந்தப் படிவம் எப்போது வரும், எந்தக் கல்லூரி நல்லது, யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே அதற்குக் கிடைத்துவிடும். அதைத் திறமை என்று ஊர் சொல்லும். முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாலைநேர மையத்தில் படித்த ஒரு பெண், பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். கவுன்சலிங்கில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கல்லூரியில் முழுக் கட்டணத்தையும் முதலில் கட்டச் சொன்னார்கள். அவள் அப்பாவிடம் இருந்த வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. புதிதாக வாங்க அலைந்து முடிப்பதற்குள் சேர வேண்டிய தேதி போய்விட்டது. எங்கள் வட ஆர்க்காட்டுப் பக்கத்தில் விடியற்காலையில் ஊர் ஊராக ஷூ கம்பெனி வேன் வரும். அவள் அதில் ஏறினாள். டிசம்பரில்தான் எங்களுக்குத் தெரிந்தது. "ஏண்ணா, அந்தப் பேப்பர் பத்தி மே மாசமே யாராவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். அந்த மே மாதத்தில் நாங்கள் இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். அவள் வீடு எங்கள் மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. கல்லூரியையும் அலுவலகத்தையும் குறைசொல்லிவிட்டு நாங்கள் தப்பிக்க முடியாது.

அவளிடம் நாங்கள் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறோம். பத்தாவதுக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944இல் தொடங்கியது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு அது உண்டு. கவுன்சலிங் மூலம் தனியார் கல்லூரியில் சேரும் தகுதியுள்ள பிள்ளையின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்பதற்கு 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92 இருக்கிறது. அந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், கட்டணம் கேட்கிற மேசையில் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழ், நடப்பு ஆண்டின் வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, மூன்றிலும் பெயரும் எழுத்தும் ஒன்றாக இருத்தல் ஆகியவற்றை மார்ச் மாதத்துக்குள் சரிபார்த்துவிட வேண்டும். முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் நின்றால் கூட்டம்தான் மிஞ்சும்.

1176 மதிப்பெண் எடுத்த அனிதாவை 2017இல் இழந்தோம். மதிப்பெண் மட்டும் போதாது என்று அந்த மரணம் நமக்குச் சொன்னது. அதன் பிறகு நடந்த போராட்டங்களின் தொடர்ச்சியாக 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது உண்டு. பதினொன்றாம் வகுப்பில் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், எதை இழக்கிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். பத்தாவதோடு பாலிடெக்னிக் போகும் பிள்ளைக்கும் வழி அடைவதில்லை. டிப்ளமோ முடித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அம்பேத்கருக்குக் கிடைத்த 25 ரூபாய் ஒரு மன்னரின் மனதைப் பொறுத்தது. இவை நம் பிள்ளைகளின் உரிமை. ஆனால் உரிமை இருப்பதை யாராவது வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பிறகு எங்கள் வேலைமுறையை மாற்றினோம். ஜனவரியில் சேரியில் வீடு வீடாகப் போய்ப் பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் எடுக்கிறோம். பட்டம் படித்த ஒவ்வொருவரும் ஐந்து பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிறோம். சான்றிதழைச் சரிபார்ப்பது, பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்று அதன் வாயாலேயே கேட்பது, சேர்க்கை நாளில் அப்பாவோடு கூடப்போய் மேசைக்கு முன் நிற்பது, கல்லூரியில் முதல் ஆறு மாதம் பேசிக்கொண்டிருப்பது என இந்த நான்கு வேலைகள்தான். அந்தப் பெண் இரண்டு ஆண்டு கழித்து அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தாள். இப்போது எங்கள் பட்டியலில் ஐந்து பிள்ளைகளுக்கு அவள் பொறுப்பு.

இந்த அரங்கில் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அண்ணலின் படத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போகும்போது வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் பெயரையும் உங்கள் தெருவில் தேர்வு எழுதப்போகும் ஐந்து பிள்ளைகளின் பெயரையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.