பக்கத்தை ஆளும் விதிகள்

அச்சிட்ட பக்கத்தில் நம் கண்ணுக்குப் படுவது எழுத்து மட்டுமே. எழுத்தைச் சூழ்ந்த வெள்ளை இடத்தை எவரும் கருதிப் பார்ப்பதில்லை. ஓரத்தில் எவ்வளவு இடம் விடுவது, தலைப்பு எந்த அளவில் அமைவது, பக்க எண் எந்த மூலையில் நிற்பது என்பவற்றை ஒருவர் முன்னரே முடிவு செய்திருக்கிறார். ஈய எழுத்துக் காலத்தில் அம்முடிவு அச்சுக்கோப்பவரின் கைப்பழக்கத்தில் இருந்தது. இன்று அது ஒரு கணினிக் கோப்பில் விதிகளாக எழுதப்பட்டிருக்கிறது. அக்கோப்பை ஆவண வகுப்பு என்பர்.

புதுச்சேரிக்கும் அச்சுக்கலைக்கும் உள்ள உறவு பழையது. 1761ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இந்நகரைக் கைப்பற்றியபோது இங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்குக் கொண்டுசென்றனர். அது வேப்பேரியில் பாப்ரீசியசு பாதிரியாரின் பொறுப்பில் வைக்கப்பட்டது. அவர் உருவாக்கிய தமிழ் – ஆங்கில அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சேறியது. இன்றோ அயல்நாட்டு ஆய்விதழ்களுக்குக் கணினி வழியே பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் புதுச்சேரியில் இயங்குகின்றன. பட்டம் பெற்ற இளைஞர் பலருக்கு அது வாழ்வளிக்கும் தொழிலாகவும் உள்ளது.

டெக்கும் லேடெக்கும்

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்டு நூத், தம் நூலொன்றின் இரண்டாம் தொகுதிக்கான புதிய பதிப்பின் மெய்ப்புகளை 1977இல் கண்டார். முதற்பதிப்பு ஈய எழுத்தில் அழகாக அச்சாகியிருந்தது. புதிய முறையில் வந்த மெய்ப்புகளோ அவருக்கு மனநிறைவு தரவில்லை. நூல் எழுதுவதை நிறுத்திவிட்டு, அச்சுக்கோப்புக்கென ஒரு மென்பொருளை அவரே உருவாக்கத் தொடங்கினார். அதுவே ‘டெக்’. கலை, கைத்திறன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. அதில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு நூத் தம் கையொப்பமிட்ட காசோலையைப் பரிசாக அனுப்பினார். தொடக்கத்தில் 2.56 டாலராக இருந்த பரிசு, இரட்டித்து இரட்டித்து 327.68 டாலரில் வந்து நின்றது. பெற்றவர் பலர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர்.

1980களில் லெசுலி லாம்போர்ட்டு என்பவர் டெக்கின் மேல் ‘லேடெக்’ என்னும் அமைப்பை எழுப்பினார். எழுதுபவர் ‘இது தலைப்பு’, ‘இது மேற்கோள்’ என்று குறித்தால் போதும். அவை எவ்வாறு தோன்ற வேண்டும் என்பதை ஆவண வகுப்பு பார்த்துக்கொள்ளும். உலகெங்கும் அறிவியல் ஆசிரியர்கள் பயன்படுத்தும் ‘எல்ஸ்ஆர்டிகிள்’ என்னும் வகுப்பு, நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் உருவாக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு டெக் பயனர்களின் பன்னாட்டு மாநாடும் அந்நகரிலேயே நடைபெற்றது.

ஓர் ஆண்டுமலரின் கதை

கதிர்காமத்தில் உள்ள பள்ளியொன்றின் மாணவர்கள் 120 பக்கங்களில் ஆண்டுமலர் வெளியிட முனைவதாகக் கொள்வோம். புதுச்சேரிப் பள்ளி என்பதால் மலரில் தமிழுடன் ஆங்கிலமும் பிரெஞ்சும் இடம்பெறும். ஆங்கில இதழொன்றுக்கு எழுதப்பட்ட ஆவண வகுப்பை எடுத்துத் தலைப்பு அளவையும் ஓரத்தையும் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கிறார்கள். முதல் படியை எடுத்துப் பார்த்தால் தமிழ்ப் பக்கங்கள் சில வெறுமையாக இருக்கின்றன. சில வரிகள் ஓரத்தைத் தாண்டி ஓடுகின்றன. தலைப்புகளின் மேல் ‘சாப்டர்’ என்று ஆங்கிலத்தில் நிற்கிறது.

இந்நிலையில் கை முதலில் நாடுவது ஒட்டுப்போடும் வேலையையே. ஓடும் வரியில் ஒரு சொல்லை வெட்டி அடுத்த வரிக்குத் தள்ளுவதும், தலைப்பின் கீழ் வெற்று வரி சேர்ப்பதும் எளிது. ஆனால் நாளை கட்டுரையில் ஒரு தொடர் கூடினால் வரிகள் எல்லாம் இடம் மாறும். வெட்டிய சொல் பக்கத்தின் நடுவே வெட்டுப்பட்டே கிடக்கும். விதியில் உள்ள பிழையைப் பக்கத்தில் திருத்த முற்பட்டால் 120 பக்கங்களிலும் திருத்த நேரிடும்.

எனவே பிழை எங்கே உள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. அதே கட்டுரையை, மாற்றப்படாத பொது வகுப்பு ஒன்றைக் கொண்டு அமைத்துப் பார்க்கலாம். பிழை மறைந்தால் அது நாம் மாற்றிய வகுப்பில் உள்ளது. மறையாவிடில் கட்டுரையிலோ எழுத்துருவிலோ தேட வேண்டும். குறித்த ஒரு பக்கமே பிழைக்குக் காரணம் என ஐயுற்றால், கோப்பில் பாதியை நீக்கிவிட்டு மறுபாதியை ஓட்டிப் பார்க்கலாம். பிழை இருக்கும் பாதியை மீண்டும் பாதியாக்கலாம். 120 பக்கங்கள் 60, 30, 15 எனக் குறைந்து, ஏழே சோதனைகளில் ஒரு பக்கத்துக்குச் சுருங்கிவிடும். எஞ்சும் சிறு கோப்பைப் பிறரிடம் காட்டி உதவி கேட்பதும் எளிது. முழு மலரையும் படித்துப் பிழை தேட எவருக்கும் பொழுதிராது.

மென்பொருள் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் ஒரு பதிவேட்டை எழுதி வைக்கிறது. அதனைப் படிக்கும் பழக்கம் தொடக்கநிலையினருக்கு இருப்பதில்லை. வெறுமையான பக்கங்களுக்கு உரிய காரணம் அதில்தான் இருக்கும்: தேர்ந்த எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை என்னும் எச்சரிக்கை. ஆங்கில எழுத்துரு ஒன்றையே வகுப்பு பிடிவாதமாக அழைப்பதால் தமிழ் எழுத்துகள் ஓசையின்றி விடுபட்டுப் போயின. இயக்கம் நிற்கவில்லை என்பதால் எல்லாம் நன்றாக முடிந்ததாகவே தோன்றும். படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருந்தால், எழுதிய மாணவனின் கட்டுரை மலரில் இல்லாமற்போயிருக்கும்.

தமிழ் எழுத்துருவை அமைத்த பின்னும் கொம்பு இடம் மாறி நிற்கலாம். ‘கெ’ என்பதைக் கணினி தன் நினைவில் ககரம் முதலாகவும் ஒற்றைக்கொம்பு அடுத்ததாகவும் வைத்துள்ளது. பக்கத்தில் காட்டும்போது வரிசையை மாற்ற வேண்டும். பழைய டெக்குக்கு இவ்வித்தை தெரியாது. 2004இல் வெளிவந்த ‘சீடெக்’ போன்ற பின்னைய வடிவங்கள் இதனைச் செய்கின்றன.

வரி ஓரத்தைத் தாண்டுவதற்குத் தமிழின் இயல்பே காரணமாகிறது. டெக் ஒரு பத்தி முழுவதையும் நோக்கிச் சொற்களுக்கு இடையேயுள்ள வெளியை விரித்தும் சுருக்கியும் வரிகளைச் சமன் செய்யும். ‘நடந்துகொண்டிருந்ததாகத்’ போன்ற நெடுஞ்சொற்கள் மிகும் தமிழ் வரியில் அத்தகைய வெளிகள் குறைவு. எனவே சொல்லை எங்கே பிரிக்கலாம் என்னும் தமிழ் விதித்தொகுதியை வகுப்பில் அழைக்க வேண்டும். மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்பது இலக்கணம். பிரிக்கும்போது அது வரிக்கு முதலிலும் வாராது. பிரிந்த இடத்தில் ஆங்கிலத்துக்குரிய சிறுகோடு தமிழில் வேண்டுவதில்லை. அதையும் வகுப்பிலேயே நிறுத்தலாம்.

வரி இடைவெளியிலும் இத்தகைய சிக்கல் எழும். ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் உயர்ந்த மேல்விலங்கும் கீழிறங்கும் சுழியும் ஒன்றோடொன்று முட்டும். முட்டும் இடத்தில் மட்டும் டெக் வரிகளைச் சற்று விலக்குவதால் பத்தி ஏறுக்குமாறாகத் தோன்றும். அடிப்படை இடைவெளியை ஒருமுறை கூட்டினால் பக்கம் ஒழுங்குபடும். ‘சாப்டர்’ என்பதற்கும் வகுப்பில் ஒரே ஒரு வரையறைதான் உண்டு. அவ்விடத்தில் ‘இயல்’ என்று மாற்றினால் நூல் முழுதும் மாறிவிடும்.

பிரெஞ்சு வழக்கில் வினாக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் முன்னர்ச் சிறிது இடம் விடுவர். பிரெஞ்சை முதன்மை மொழியாக வகுப்பில் அறிவித்து, தமிழ்ப் பகுதிகளைத் ‘தமிழ்’ எனக் குறிக்காமல் விட்டால், ‘வந்தாயா’ என்பதற்கும் வினாக்குறிக்கும் நடுவே காரணமற்ற இடைவெளி தோன்றும். பலர் இதனை எழுதியவரின் கவனக்குறைவு எனக் கருதி இடத்தை நீக்க முயல்வர். நீக்குவதற்குக் கோப்பில் அங்கு இடமே இராது. மொழிக்குறியைச் சேர்த்தவுடன் இடைவெளி அகலும்.

இத்திருத்தங்களை மூல வகுப்பின் கோப்பில் நேரே செய்யலாகாது. வேறு பெயரில் ஒரு வகுப்பைத் தொடங்கி, அதில் மூல வகுப்பை அழைத்து, வேறுபடும் விதிகளை மட்டும் கீழே எழுதுதல் வேண்டும். மூலம் புதுப்பிக்கப்படும்போது நம் திருத்தங்கள் அழியா. எந்த விதியை ஏன் மாற்றினோம் என்று ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு வரிக் குறிப்பும் இருக்கட்டும். அடுத்த ஆண்டு மலரைத் தொகுக்க வரும் மாணவர்கள் இந்தக் கோப்பைத்தான் திறப்பார்கள்.