குளிர்நாட்டில் ஓங்கும் விசிறிப் பனை

இங்கிலாந்தின் தென்கரைத் தோட்டங்களில் பனியைத் தாங்கி ஓங்கி நிற்கும் விசிறி ஓலை மரம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த சூசன் பனையே; தாவரச் சேகரிப்பாளரான ராபர்ட் ஃபார்ச்சூன் 1849-இல் இதன் கன்றுகளை அந்நாட்டுக்கு அனுப்பினார். பனைக் குடும்பத்து மரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தண்டின் உச்சியிலுள்ள குருத்து ஒன்றே வளர்முனை, அதாவது புதிய ஓலைகள் பிறக்கும் ஒரே இடம், ஆதலால் அது உறைந்து அழுகினால் அத்தண்டு மீண்டும் தழைப்பதில்லை. வளர்ந்த சூசன் பனையோ சுழியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 15 பாகை செல்சியஸ் குளிரையும் சிறிது நேரம் பொறுக்கும். வேரடியில் நீர் தேங்குவதும் ஓலையைக் காற்று கிழிப்பதும் இதற்கு ஆகாதவை என்பதால், நீர் வடியும் மண்ணில், காற்று மறைவில் நடுவதே நன்று. அடையாளம் காண்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர்: அக்கரையில் ‘டார்பே பனை’ என வழங்கும், வாள்போன்ற இலைகளும் கிளைத்த தண்டும் கொண்ட மரம் நியூசிலாந்தின் கார்டிலைன், அது பனையே அன்று.